வாயில் கவ்விய இழை

செத்து நூற்றுச் சொச்சம் வருடமான ஒரு வெள்ளைக்காரனோடு எனக்குச் சண்டை வரும் என்று போன வாரம் யாராவது சொல்லியிருந்தால், போய் வேலையைப் பார் என்று விரட்டியிருப்பேன். வந்துவிட்டது. பார்ஸ்லோ என்று பெயராம். ஊர் ஊராகப் போய், கோயில் கோயிலாக நுழைந்து, கண்ணில் பட்டதையெல்லாம் ஆண்குறி, பெண்குறி என்று எழுதிவைத்தவன். கோபுரம் அது, குளம் இது. உலக்கை அது, உரல் இது. பழைய மதங்களில் காமம் எங்கெங்கே ஒளிந்திருக்கிறது என்று தலையணை கனத்தில் ஒரு புத்தகம் போட்டிருக்கிறான். அதில் இருநூற்றுப் பதினோராம் பக்கத்தில் எங்கள் வீடு வருகிறது. எங்கள் தறிக்குழி வருகிறது. அந்தக் குழியிலிருந்து ஏறி வருகிற ஒரு பெண்ணும் வருகிறாள்.

அந்த ஆளைக்கூட விட்டுவிடலாம். என் வயிறு எரிந்தது என் வீட்டுக்காரரை நினைத்துத்தான்.

வீட்டுக்காரர் பெயர் வேலாயுதம். காஞ்சி பிள்ளையார்பாளையத்தில் கிணற்றடித் திருப்பத்து வேலாயுதம் என்றால் பட்டுக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கைக்கு அப்படி ஒரு பெயர். அந்தக் கை எட்டு வருடமாக நடுங்குகிறது. டம்ளரைப் பிடித்தால் காபி பாதி தரையில். மாத்திரை சாப்பிடுகிறார், நடுக்கம் குறைகிறது, நிற்கவில்லை. நடுங்குகிற கையால், ஊடை இழையைக் கொண்டுபோகிற நாடாவை ஓட்ட முடியுமா? முடியாது. ஆனால் இந்த எட்டு வருடத்தில் வேலாயுதம் வீட்டுப் புடவை ஒன்றுகூடக் குறையவில்லை. எப்படி என்று கேட்டால், வாசல் கதவைச் சாத்திக்கொண்டு காலை ஆறு மணிக்கு நான் தறிக்குழியில் இறங்கி நெய்ய உட்காருகிறேன். யாராவது கதவைத் தட்டினால் நான் ஏறுவேன், அவர் இறங்கி உட்காருவார். வந்தவர் போனதும் அவர் ஏறுவார், நான் இறங்குவேன். தெருவில் பாதிப் பேருக்கு இது தெரியும். மீதிப் பேருக்குத் தெரியாத மாதிரி இருக்கத் தெரியும்.

மற்ற வீடுகளில் பெண்கள் தாராளமாக நெய்கிறார்கள், யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. எங்கள் வீட்டுக்கு மட்டும் ஒரு கொம்பு உண்டு. இது அம்மன் பட்டு நெய்கிற வீடு. வருடத்துக்கு ஒரு முறை அம்மனுக்குச் சாத்துகிற புடவை இந்தத் தறியில்தான் நெய்யப்படும். வீட்டு ஆம்பளை விரதம் இருந்து நெய்ய வேண்டும், பெண்ணின் கால் அந்தக் குழியில் படவே கூடாது என்பது வம்சத்து வழக்கம். எட்டு வருடமாக விரதம் அவர் இருக்கிறார், புடவையை நான் நெய்கிறேன். அம்மனும் கட்டிக்கொண்டுதான் இருக்கிறாள். இதுவரை ஒரு குறையும் சொன்னதில்லை.

இந்த வருடம் எங்கள் நெசவாளர் சொசைட்டியிலிருந்து மாநிலப் பரிசுக்குப் புடவை அனுப்பச் சொன்னார்கள். அரக்கு உடம்பு, கிளிப்பச்சைக் கரை, உடம்பு முழுக்கப் பொடி அன்னம். நாலு மாதமாக அதில்தான் கிடக்கிறேன். முதுகு விட்டுப் போயிற்று. தை மாதமே அவரிடம் சொல்லிவிட்டேன்.

"இந்த வாட்டி என் பேர்ல அனுப்புங்க."

"அனுப்பினா போச்சு. இப்போ இன்னா?" என்றார்.

அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் நாலு மாதம் நெய்தேன். நெசவாளர் அட்டை எனக்கும் இருக்கிறது. கொரோனா வருடத்தில் நிவாரணம் கொடுத்தபோது வீட்டுக்கு இரண்டு பேர் பதியலாம் என்றதும் இவரேதான் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப்போய் என்னைப் பதிந்தார். நிவாரணத்துக்கு நான் நெசவாளி. பரிசு என்றதும் மனிதர் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. விண்ணப்பத் தாள் பத்து நாளாக அலமாரியில் கிடந்தது. எல்லாம் நிரப்பியாகிவிட்டது, நெசவாளர் பெயர் என்கிற கட்டம் மட்டும் காலி. வியாழக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் சொசைட்டியில் கொடுத்தாக வேண்டும். கூடவே நெசவாளர் தறியில் உட்கார்ந்து நெய்வதை இரண்டு நிமிட வீடியோ எடுத்து இணைக்க வேண்டும். புடவையைப் பிறகு கொடுக்கலாம். வீடியோ என்றதும் எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம். கை நடுங்குகிற மனுஷன் வீடியோவில் எப்படி நெய்வார், என் பெயரைத்தானே போட்டாக வேண்டும் என்று கணக்குப் போட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க.

அந்த வியாழக்கிழமை காலையில்தான் கேமரா வந்தது.

வரவழைத்தவன் என் மகன் தினேஷ். ஸ்ரீபெரும்புதூரில் போன் கம்பெனியில் ஷிப்டு பார்க்கிறான், அன்றைக்கு அவனுக்கு வாராந்திர லீவு. சந்தோஷ்குமார் என்று சென்னையில் ஒருவர், கோயில் ரகசியங்களை அவிழ்க்கிறேன் என்று யூடியூபில் பேசுகிறவர். பார்ஸ்லோ புத்தகத்தை அவர்தான் தமிழில் போட்டிருக்கிறார். அந்த இருநூற்றுப் பதினோராம் பக்கத்தைப் பற்றி அவர் பேசியதைக் கேட்டுவிட்டு, கிணற்றடித் திருப்பத்து வீடு எங்கள் வீடுதான் என்று இவன் கீழே எழுதிப் போட்டிருக்கிறான். அப்பனிடம் சொல்லியிருக்கிறான். என்னிடம் ஒருவரும் மூச்சுவிடவில்லை.

பத்து மணி இருக்கும். நான் குழியில் இருந்தேன். இழை ஒன்று அறுந்திருந்தது. அறுந்த இழைக்கு ஒட்டுப்போட, சாண் அளவில் வெட்டிய இழையை உதட்டில் கவ்வி வைத்துக்கொள்வோம். எச்சில் பட்டால்தான் பட்டு இழை முறுக்கிக்கொண்டு நிற்கும், முடிச்சு சிக்கென்று விழும். இரண்டு கையும் தறியில் நீளவாக்கில் கட்டிய பாவில் இருக்கும்போது மூன்றாவது கை இந்த வாய்தான். அதனால் தறியில் இருக்கிறவளிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. அப்படிக் கவ்விக்கொண்டு குனிந்திருந்தபோது, தட்டாமல் கொள்ளாமல் தினேஷ் கதவைத் திறந்து சந்தோஷ்குமாரையும் கேமரா பிடிக்கிற ஒரு பெண்ணையும் உள்ளே கூட்டி வந்துவிட்டான். பழக்க தோஷம், ஆள் சத்தம் கேட்டதும் நான் சடாரென்று மேலே ஏறினேன். புடவையைக் கால் நடுவில் இழுத்துச் செருகியிருந்தேன். முடி பாவில் படாமல் தலையில் துண்டு கட்டியிருந்தேன். ஜாக்கெட் வியர்வையில் நனைந்திருந்தது. வாயில் அரக்கு இழை தொங்கியது.

வாசற்படியில் நின்ற சந்தோஷ்குமார் வாயைப் பிளந்துவிட்டார்.

"அப்படியே இருக்காங்க! அந்தப் பக்கம் அப்படியே எழுந்து வந்த மாதிரி இருக்கே! சார், இன்னும் இந்தச் சடங்கு நடக்குதா உங்க வீட்ல?"

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். என் பெண்டாட்டி நெய்கிறாள் சார் என்று சொல்ல நாலு வார்த்தை போதும்.

"ஆமா சார்," என்றார். "பரம்பரை வழக்கம். புள்ள வரம் வேணும்னா பொம்பளைங்க குழியில எறங்குவாங்க."

"அம்மாவுக்கு இந்த வயசுல..." என்று சந்தோஷ்குமார் இழுத்தார்.

"எங்க பொண்ணுக்கு சார். கீர்த்தி. கட்டிக்குடுத்து மூணு வருஷம் ஆவுது. அதுக்காக இவ எறங்குறா."

நான் இழையைத் துப்பிவிட்டு வாயைத் திறப்பதற்குள் எல்லோரும் முன்கூடத்துக்குப் போய்விட்டார்கள். கீர்த்தி திருத்தணியில் மாமியார் வாயில் நித்தம் அரைபட்டுக்கொண்டு இருக்கிறாள். தன் கை நடுக்கத்தை மறைக்க, பெற்ற பெண்ணின் வயிற்றை ஊருக்கு முன்னால் கடைபரப்புகிறாரே இந்த மனுஷன் என்று ஆறவில்லை.

முன்கூடத்தில் பேரம் நடந்தது. சடங்கைப் பற்றி இவர் கேமராவில் பேசுவது, பதிலுக்கு அவர்கள் இவர் நெய்வதைப் பரிசுக்காக இரண்டு நிமிடம் எடுத்துக் கொடுப்பது.

"கை கொஞ்சம் ஆடும் சார். அது தெரியாத மாதிரி எடுக்கணும்," என்று இவர் குழைவது சமையல்கட்டு வரைக்கும் கேட்டது.

"அதெல்லாம் எடிட்ல பாத்துக்கலாம் சார்."

அப்போதுதான் புரிந்தது. தை மாதம் எனக்குக் கொடுத்த வார்த்தை அன்றைக்கே காற்றில் போய்விட்டது. வீடியோவுக்கு வழி கிடைக்காமல்தான் கட்டத்தைக் காலியாக வைத்திருந்திருக்கிறார்.

டீ போடச் சொல்லி உத்தரவு வந்தது. போட்டேன். கேமரா பிடிக்க வந்த பெண் உதவிக்கு உள்ளே வந்தாள். ஏஞ்சல் என்று பெயர். முசரவாக்கத்துப் பெண். முசரவாக்கத்தில் எந்தப் பக்கம் என்று என் வீட்டுக்காரர் முன்கூடத்திலேயே தூண்டித் துருவிக் கேட்டுவிட்டு, சந்தோஷ்குமாருக்கு எவர்சில்வர் டம்ளரிலும் இவளுக்குப் பேப்பர் கப்பிலும் தண்ணீர் கொடுத்திருந்தார். நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஒன்றும் சொல்லவில்லை. இப்போது டீயை எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி அவள் கையில் கொடுத்தேன். அவள்மேல் கரிசனம் என்று சொல்லிக்கொள்ள மாட்டேன். அவர்மேல் இருந்த ஆத்திரம்தான்.

"அந்தப் புஸ்தகம் நீ படிச்சியாமா?" என்று கேட்டேன்.

"தமிழ்ல பண்ணதே நான்தான் ஆண்ட்டி. அட்டையில சார் பேரு இருக்குது." டம்ளரை ஊதினாள். "எல்லாத்தையும் ஒரே கண்ணாலதான் பாப்பான் அந்தாளு. அவன் ஊரு சர்ச் கோபுரத்தையும் விட்டு வைக்கல."

"இங்க இன்னா பாத்தானாம்?"

"அதான் ஆண்ட்டி, நீங்க பண்ணிக்கினு இருந்த சடங்கு."

"நான் எங்கம்மா சடங்கு பண்ணேன்?"

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் சந்தோஷ்குமார் கூப்பிட்டுவிட்டார்.

என் வீட்டுக்காரர் ஒரு மணி நேரம் பேசினார். வெட்கம் மானம் இல்லாமல் அளந்துவிட்டார். எத்தனை நாள் இறங்க வேண்டும், எந்தத் திசை பார்த்து உட்கார வேண்டும், சிவப்பு இழையை ஏன் வாயில் கவ்வ வேண்டும், எல்லாவற்றுக்கும் அந்த நிமிடமே ஒரு கதை கட்டினார். சந்தோஷ்குமார் தலையை ஆட்டி ஆட்டி எழுதிக்கொண்டார். தினேஷ் பெருமை தாங்காமல் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். இந்தத் தறியில் எவள் நெய்து அவனை டிப்ளமா படிக்க வைத்தாள் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றான்.

மத்தியானம் எல்லோரும் தறி இருக்கும் அறைக்கு வந்தார்கள்.

"அம்மா, நீங்க காலையில இருந்த மாதிரியே குழியில இருந்து ஏறி வரணும். வாயில அந்தச் சிவப்பு நூல் வேணும். எதுவும் பேச வேணாம்," என்றார் சந்தோஷ்குமார்.

"பேச வேணாமா?"

"புத்தகத்துல மௌன விரதம்னு இருக்குமா."

"அப்போ அந்தப் புஸ்தகத்துல இன்னா இருக்குதுன்னு எனக்கும் படிச்சிக் காட்டுங்க. என்னைய வெச்சித்தான எடுக்கறீங்க?"

"அதெல்லாம் உனக்கு எதுக்கு? சொன்னத செய்," என்று இவர் குரலை உயர்த்தினார்.

நான் கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றுவிட்டேன். நான் இறங்கினால்தான் அவர்களுக்குப் படம். வேறு வழியில்லாமல் சந்தோஷ்குமார் கண்ணைக் காட்டினார், ஏஞ்சல் புத்தகத்தைப் பிரித்துப் படித்தாள்.

"காஞ்சியில் கிணற்றடித் திருப்பத்தில் இருந்த நெசவாளன் வீட்டை நண்பகலில் அடைந்தேன். அம்மனுக்குரிய புடவை அங்கே நெய்யப்படுவதாகச் சொன்னார்கள். வீட்டுக்காரன் காய்ச்சலில் நடுங்கியபடி வாசலில் படுத்திருந்தான். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்தது. உள்ளிருந்து ஒரே சீராக ஓர் ஓசை வந்துகொண்டிருந்தது. படைப்பின் ஆதித் தாளம் அது என்று உடனே உணர்ந்தேன். கதவு திறந்தபோது பூமியில் வெட்டிய குழியிலிருந்து ஒரு பெண் ஏறி வந்தாள். பூமித்தாயின் கருவறை அல்லாமல் அந்தக் குழி வேறென்ன? அவள் புடவையை ஆண்களைப் போலத் தொடைகளின் நடுவே இழுத்துச் செருகியிருந்தாள். உடல் வியர்வையில் நனைந்திருந்தது. வலது கால் கட்டைவிரலின் அடியில் காய்த்துப்போன தழும்பு. நாக தேவதைக்குக் கொடுத்த காணிக்கையாக இருக்கலாம். அவள் உதடுகளின் நடுவே ஒரு சாண் நீளத்தில் சிவப்பு இழை தொங்கியது. அது மாதவிலக்கின் குறி என்பதில் எனக்கு ஐயமில்லை. இது என்ன சடங்கு என்று அவளைக் கேட்டேன். அவள் பேசவில்லை. கணவன்தான் பதில் சொன்னான்: பிள்ளை வரம் கேட்டு மூன்று நாளாகக் குழியில் இறங்குகிறாள், துரையே. அன்று மாலையே புடவையைத் தறியிலிருந்து அறுத்தெடுத்துக் கோயிலுக்குக் கொடுத்தார்கள்."

ஏஞ்சல் படித்து முடித்தாள். அந்தப் பக்கத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து நின்றுகொண்டிருந்தாள். முகம் தெரியாது, பெயர் தெரியாது. அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று எனக்கு அச்சுப் பிசகாமல் தெரிந்தது.

"அடப் பாவி," என்றேன். "அவ தறி நெய்துக்கினு இருந்தாடா!"

சந்தோஷ்குமார் பக்கம் திரும்பினேன்.

"சீரா ஓசை வந்துச்சாமே, தறி ஓடுற சத்தம்யா அது! காதுல இன்னா வெச்சிக்கினு இருந்தான் உங்க பார்ஸ்லோ? கட்டைவிரல்ல பாம்புக்குக் காணிக்கையாம். இந்தா, பாருங்க." புடவையை விலக்கி என் வலது காலைத் தூக்கித் தறிக்கட்டை மேல் வைத்தேன். "மிதிக்கட்டைய எட்டு வருஷம் அழுத்தினா காய்க்காம இன்னா பண்ணும்? நான் எந்தப் பாம்புக்குக் குடுத்தேன்?"

"அம்மா, நீங்க உணர்ச்சிவசப்படுறீங்க," என்றார் சந்தோஷ்குமார். "பார்ஸ்லோ முப்பது வருஷம் இதையே ஆராய்ச்சி பண்ணவர். நூல் ஒரு குறியீடு."

"குறியீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. அறுந்த இழைக்கு ஒட்டுப்போட வாயில வெச்ச இழை. தறியில உக்காந்தவங்க யார வேணா கேளுங்க. அதோ நிக்கறாரே, அவரையே கேளுங்க. முப்பது வருஷம் அவரும் வாயில வெச்சிக்கினு இருந்தவர்தான். அவருக்கும் மாசாமாசம் வந்துச்சா?"

ஏஞ்சல் கேமராவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் விடவில்லை.

"காச்சல்ல கெடந்தவன் சாயங்காலமே பொடவைய எப்படி அறுத்துக் குடுத்தான்? அத கேட்டானா உங்க ஆளு? பொம்பள நெய்தது தெரிஞ்சா அம்மன் பொடவைய கோயில்ல வாங்க மாட்டாங்க. அந்த பயத்துல புருஷன்காரன் ஒரு பொய்ய சொன்னான். இவன் அத புஸ்தகமா போட்டுக்கினு போய்ட்டான். அவ மௌன விரதம் இருக்கல சார். வாயில இழை இருந்துச்சி."

"வாய மூடுடி!" என்று இவர் கத்தினார். "அம்மன் பட்டு நம்ம வீட்ட வுட்டுப் போய்டும். தெரியுதா? ஏழு தலைமுறை. உன்னாலதான் போச்சுன்னு தெருவே காறித் துப்பும்."

"எட்டு வருஷமா போவலியே. யாரு நெய்தது எட்டு வருஷமா?"

"தினேசு, உங்கம்மாவ உள்ள கூட்டிக்கினு போ."

தினேஷ் அசையவில்லை. அவன் என் கால் கட்டைவிரலையே பார்த்துக்கொண்டிருந்தான். பெற்றவள் காலை அன்றைக்குத்தான் முதல் முதலாகப் பார்க்கிறான் போலிருக்கிறது.

சந்தோஷ்குமாருக்கு எரிச்சல். அவர் ஆசைப்பட்டு வந்தது ஒன்று, கிடைத்தது ஒன்று. "சரி சார், இது உங்க குடும்ப விஷயம். உங்க பேட்டி எங்கிட்ட இருக்கு, அது போதும். உங்க பரிசு வீடியோவ எடுத்துட்டு நாங்க கிளம்பறோம்," என்றார்.

இவருக்கு அது போதுமாக இருந்தது. என்னைத் தாண்டிப் போய், வேட்டியை மடித்துக் குழியில் இறங்கி உட்கார்ந்தார். மணி மூன்றைத் தாண்டியிருந்தது. கேமராவைத் தன் பக்கம் திருப்பச் சொன்னார். ஒரு காலத்தில் அவர் அங்கே உட்கார்ந்தால் பார்க்க அழகாக இருக்கும், பொய் சொல்லக்கூடாது. மிதித்தார், பாவு பிரிந்தது. நாடாவை எடுத்தார். கை வெடவெடவென்று ஆடியது.

"வேணாங்க," என்றேன். அந்த நேரத்தில் எனக்கு அவர்மேல் இருந்த கோபத்தைவிட என் புடவைமேல் இருந்த பயம் பெரிதாக இருந்தது. ஒரு முழம்தான் பாக்கி.

அவர் கேட்காமல் நாடாவை எறிந்தார். நாடா நேராகப் போகாமல் பாவுக்குள் குத்திக்கொண்டு நின்றது. நிற்கட்டும் என்று விட்டிருந்தால் ஒன்றுமில்லை. படம் ஓடுகிறதே என்ற பதற்றத்தில், இழையை இறுக்குகிற பலகையை இழுத்து அடித்துவிட்டார். பட்டு இழை அறுகிற சத்தம் நெய்கிறவர்களுக்கு மட்டும் கேட்கும். பொடி அன்னத்தின் கழுத்துப் பக்கத்தில் பதினேழு இழை போயிற்று. நாலு மாதம்.

அவர் தலை குனிந்து அந்த ஓட்டையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கத்தின முகம் எங்கே போயிற்றோ, குழந்தை முகமாக இருந்தது. எனக்கு அப்போது பாவமாகத்தான் இருந்தது. பாவப்பட்டே எட்டு வருடம் போயிற்று என்பதும் உடனே ஞாபகம் வந்தது.

"கேமராவ அமத்தச் சொல்லு," என்றார் மெதுவாக. "அமத்தினப்புறம் நீ எறங்கி சரி பண்ணு. அப்புறமா என்னைய எடுத்துக்கட்டும்."

"ஏஞ்சல், கட்," என்றார் சந்தோஷ்குமார்.

ஏஞ்சல் என்னைப் பார்த்தாள். நான் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன்.

"ஏறுங்க," என்று இவரிடம் சொன்னேன்.

அவர் ஏறினார். நான் புடவையைக் கால் நடுவில் இழுத்துச் செருகி, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, அத்தனை பேர் பார்க்கக் குழியில் இறங்கினேன். கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்து இருபத்தெட்டு வருடத்தில், கதவு திறந்திருக்கும்போது நான் அதில் இறங்கியது அன்றைக்குத்தான். அரக்கு இழையைச் சாண் அளவில் வெட்டினேன். பதினேழையும் உதட்டில் கவ்வினேன். ஒவ்வொன்றாக எடுத்து முறுக்கி, முடிச்சுப் போட ஆரம்பித்தேன்.

"அமத்துமான்னு சொன்னேன் இல்ல?" என்று இவர் ஏஞ்சலிடம் எகிறினார்.

"பரிசு வீடியோதான அங்கிள் கேட்டீங்க? நெசவாளர் தறியில இருக்கணும்னு தாள்ல போட்டிருக்குது," என்றாள் அவள். கேமரா என் கையை விட்டு நகரவில்லை. சந்தோஷ்குமார் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய் நின்றார். அவருக்கு வேண்டியது இந்த அறையில் இல்லை.

பத்து முடிச்சு ஆகியிருக்கும். தினேஷ் அலமாரியைத் திறந்து விண்ணப்பத் தாளை எடுத்து வந்தான். பேனாவைத் திறந்துகொண்டு குழிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தான்.

"அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க," என்றான். யாரைப் பார்த்துச் சொன்னான் என்று தெரியவில்லை. "நெசவாளர் பேரு இன்னானு எழுதறது?"

என் வாயில் இன்னும் ஏழு இழை இருந்தது. இரண்டு கையும் பாவில். பதில் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரருக்கு அது நன்றாகத் தெரியும். அவர் ஒரு அடி முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். "எழுதிக்கடா," என்று ஆரம்பித்தார்.

பாவிலிருந்து கையை எடுத்தேன். பாதி விழுந்த முடிச்சு அவிழ்ந்துபோயிற்று. ஏழு இழையையும் துப்பினேன்.

"நீலாம்பாள்," என்றேன்.

தினேஷ் எழுதினான். எழுதிவிட்டு அப்பனை ஒரு முறை நிமிர்ந்து பார்த்தான். "நீலாம்பாள், கணவர் பேரு வேலாயுதம்னு சேத்துப் போடவாமா?"

"நெசவாளர் பேரதான கேட்டிருக்கான்? அது மட்டும் போதும்."

இவர் சுவரோரம் போய் உட்கார்ந்தார், நடுங்குகிற கையை மற்ற கையால் பிடித்துக்கொண்டார். நான் புதிதாக ஏழு இழை வெட்டி உதட்டில் கவ்விக்கொண்டு, அவிழ்ந்த முடிச்சை முதலில் போட்டேன்.